பெட்டிக்காரரின் மூன்று வெள்ளைச் சீட்டுகள்

லெயோன்ஸ் பர்பஸானின் மடியில் இருந்த பெட்டி, சுருட்டுப் பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரியது. ஆனால் அன்றைக்கு அதற்குள் ஒரு அரசாங்கமே இருந்தது.

உள்ளே குட்டிக் குட்டியாக மரத் தடுப்புகள். தடுப்புக்கு ஒரு பெயர். முற்போக்குக் குடியரசுக் கட்சியின் ஒவ்வொரு உறுப்பினருக்கும் அதில் ஒரு கட்டு வெள்ளைச் சீட்டு, ஒரு கட்டு நீலச் சீட்டு. வெள்ளை என்றால் ஆதரவு. நீலம் என்றால் எதிர்ப்பு. எதையுமே போடாவிட்டால் நடுநிலை.

வாக்கெடுப்பு என்றதும் அத்தனை பேரும் எழுந்து வந்து வரிசையில் நிற்பது பாரிஸ் சபையில் வழக்கமில்லை. ஒருவர் சிற்றுண்டிச் சாலையில் அரைவேக்காட்டு முட்டையின் தலையைத் தட்டிக்கொண்டிருப்பார். இன்னொருவர் தாழ்வாரத்தில் நிருபரின் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மூன்றாமவர் சொந்த ஊரில் கால்நடைச் சந்தையைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பார். எல்லோருக்குமாகச் சேர்த்துப் பெட்டிக்காரர் சீட்டுகளை உருவி, சேவகர் நீட்டும் கலசத்தில் போட்டுவிடுவார். கழுத்தில் சங்கிலி தொங்க அந்தச் சேவகர் அடுத்த பெஞ்சுக்கு நகர்வார். அவ்வளவுதான்.

பெட்டிக்காரருக்கு ஒரே ஒரு விதி. காதில் விழுந்தது வாயில் வரக் கூடாது. இவர் வெள்ளை, அவர் நீலம் என்று ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் மூச்சு விடக் கூடாது. கட்சித் தலைவரே கேட்டாலும்! மற்ற கட்சிகளில் தலைவர் விசிலடித்தால் எல்லோரும் ஒரே பக்கம் கை தூக்குவார்கள். இந்தக் கட்சியில் ஒவ்வொருவரும் தம் மனசாட்சிக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். அதைத் தேர்தல் விருந்துகளில் கோப்பையை உயர்த்திச் சொல்லும்போது சிலருக்குக் கண் கலங்கும்.

லெயோன்ஸ் ஏழு வருடமாகப் பெட்டிக்காரர். தெற்கே ஒரு சின்ன ஊரில் மாட்டு வைத்தியராக இருந்தவர். பேச்சாளர் இல்லை. அமைச்சர் பதவிக்கு அவர் பெயரை யாரும் நினைத்ததும் இல்லை. ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே போனதாகவும் யாரும் சொன்னதில்லை.

இன்று அந்த வாய் காய்ந்து கிடந்தது.

பிரதமர் அர்மான் ஷொவேல் கொண்டுவந்த மசோதா ஒரே விஷயத்தைச் சொன்னது: சீருடை போட்டு, தடியும் துப்பாக்கியுமாக ஊர்வலம் போகிற லீக் அமைப்புகளைக் கலைக்க வேண்டும். அதோடு தன் ஆட்சியையும் கட்டி வைத்துவிட்டார். மசோதா தோற்றால் ஆட்சி போகும். ஆட்சி போனால் அடுத்து வருகிறவர்கள் யார் தோளில் ஏறி வருவார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

லெயோன்ஸ் தலையைத் தூக்கிப் பார்வையாளர் மாடத்தைப் பார்த்தார். இரண்டாவது வரிசையில் மகள் செலெஸ்தின். அவள் இடது புருவத்துக்கு மேல் சிவப்பாக ஒரு கோடு. போன மாதம் அவள் பாடம் நடத்தும் புறநகர்ப் பள்ளி வழியாக லீக்காரர்கள் அணிவகுத்துப் போனார்கள். போகிறபோக்கில் கண்ணாடிகளை உடைத்தார்கள். ஒரு சில்லு. இன்னும் அரை விரல் கீழே பட்டிருந்தால் கண். குதிரைகளுக்குத் தையல் போட்டுப் பழகிய கையால் சமையலறை மேஜையில் வைத்துத் தையல் போட்டவர் லெயோன்ஸ்தான். அதே கையில்தான் இப்போது இந்தப் பெட்டி.

"அண்ணே!"

பின்வரிசையிலிருந்து கிசுகிசுத்தவர் ப்ரோஸ்பேர் விதலாங்க். திராட்சைத் தோட்டத் தொகுதிக்காரர். நாற்பது வயதுக்கு அழகான தொப்பை, அழகான குரல்.

"சொல்லு ப்ரோஸ்பேர்."

"இன்னிக்கு என் சீட்டு நீலம்ணே."

லெயோன்ஸ் திரும்பவில்லை. திரும்பினால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

"லீக் மசோதாவுக்கா? நீலமா?"

"மசோதா நல்ல மசோதாதான், யாரு இல்லேன்னா! ஆனா ஒயின் விலை விஷயத்துல இந்த ஷொவேலை ஒரு நாள் கவுத்துக் காட்டறேன்னு விருந்துல சத்தியம் பண்ணிட்டேன். ஊரே கேட்டுச்சு. இப்ப அரசிதழ்ல என் பேரு ஆதரவுப் பக்கம் வந்துச்சுன்னா, ஸ்டேஷன்ல இறங்கறப்ப அழுகின முட்டைதான் எனக்கு."

"அப்ப கவுந்துடுமே, ப்ரோஸ்பேர்!"

"போங்கண்ணே! என் ஒருத்தன் ஓட்டுல என்ன கவுந்துடப்போவுது? மத்தவங்கல்லாம் வெள்ளைதானே?"

லெயோன்ஸ் பதில் சொல்லவில்லை. சொல்லக் கூடாது.

"தெரியும், தெரியும், நீங்க சொல்ல மாட்டீங்க" என்று தோளில் தட்டிவிட்டு ப்ரோஸ்பேர் காபி குடிக்கப் போனார்.

சரி, ஒன்று. ஒன்று போனால் தாங்கும் என்று லெயோன்ஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து நடுவழியில் ஒரு சலசலப்பு. எதிர்க்கட்சிப் பெஞ்சுகளுக்கு நேராக, இரண்டு சேவகர்கள் ஒரு கிழவரை நாற்காலியோடு தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். கழுத்துவரை கம்பளி. பக்கத்திலேயே மருந்துப் புட்டியோடு ஒரு தாதி.

"என்ன பெட்டிக்காரரே, அப்படிப் பாக்கறீங்க?"

கேட்டவர் ரெமி த கெர்லுவான். வலதுசாரிகளின் பெட்டிக்காரர். பிரித்தானி மாகாணத்துப் பழைய குடும்பம், ஒற்றைக் கண்ணாடி, எப்போதும் ஒரு சிரிப்பு. எதிரெதிர் அணிதான். ஆனால் ஒரே தொழில் பார்க்கிற இருவருக்குள் இருக்கும் ஒரு மரியாதை அவர்களுக்குள் உண்டு.

"அவருக்கு நிமோனியா இல்ல? அவர் சீட்டை நீங்களே போட்டிருக்கலாமே!"

"போட்டிருக்கலாம். ஆனா எங்க பெஞ்சுல நேத்துலேர்ந்து யாரும் யாரையும் நம்பறதில்ல. எல்லாரும் நேர்ல வரணும்னு உத்தரவு. பிரசவ ஆஸ்பத்திரியிலேர்ந்து ஒருத்தனை இழுத்துட்டு வந்திருக்கோம், அப்பா ஆகப்போறவனை." கெர்லுவான் குனிந்து மெல்லச் சொன்னார்: "இன்னிக்கு ரொம்ப நெருக்கமா இருக்கும் லெயோன்ஸ். விரல் நுழையற இடம்கூட இருக்காது."

அவர் போன பிறகும் அந்த வாக்கியம் போகவில்லை.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. டாக்டர் ராபுர்தான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கட்சியின் மூத்த உறுப்பினர். வெண்மீசை, தங்கக் கடிகாரம். லீக்குகளை எதிர்த்துப் போன வாரம்தான் ஒரு மணி நேரம் முழங்கியிருந்தார்.

"லெயோன்ஸ், இதை எப்படிச் சொல்றதுன்னே தெரியல."

"சொல்லுங்க டாக்டர்."

"என் சீட்டை நீலமாப் போட்டுடு."

"டாக்டர்! போன வாரம் நீங்க பேசின பேச்சைச் செலெஸ்தின் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்கு வாசிச்சுக் காட்டினா!"

"பேசினது நெசம்தான்யா. ஆனா என் மச்சினன் லீக்ல மாவட்டத் தலைவன் ஆயிட்டான். என் சம்சாரம் ஒரு மாசமா அழறா. 'எந் தம்பியை ஜெயிலுக்கு அனுப்பப் போறீங்களா'ங்கறா. ஞாயித்துக்கிழமை மேஜையில எல்லாரும் ஒண்ணா உக்காந்து கோழி சாப்பிட்டாகணும். நீ குடும்பஸ்தன், உனக்குப் புரியும்." மீசையை நீவிக்கொண்டார். "எப்படியும் மசோதா ஜெயிச்சுடும். ஜெயிக்கணும். நானும் அதைத்தான் வேண்டிக்கறேன். என் ஒரு சீட்டு மட்டும் நீலமா இருந்துட்டுப் போகட்டும்."

தோல்வி வேண்டாம், ஆனால் நீலம் வேண்டும்! லெயோன்ஸுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அவர் பெட்டியை இறுக்கி மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். தலைவரிடம் போக வேண்டும். பெயர் சொல்ல வேண்டாம். கோடு காட்டினால் போதும்.

கட்சித் தலைவர் ஒக்தாவ் தெல்மா தூணுக்குப் பின்னால் தனியாக நின்று கையுறையைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். உயரமான மனிதர். தூரத்திலிருந்து பார்த்தால் சிலை மாதிரி இருப்பார்.

"தலைவரே, நம்ம ஆளுங்களை ஒரு தடவை கூப்பிட்டுப் பேசிடுங்க. இப்பவே."

"ஏன்? எவனாவது ஆடறானா?"

"நான் அதைச் சொல்ல முடியாது."

"சொல்லாதே! சொல்லவே சொல்லாதே." ஒக்தாவ் இரண்டு கைகளையும் உயர்த்தினார். "நம்ம கட்சியில அதுதானே அழகு. நான் எவனையும் நெருக்க மாட்டேன். சுதந்திரம்னா சுதந்திரம்."

"ரொம்ப நெருக்கமா இருக்கும்கறாங்க, தலைவரே."

"வாக்கெடுப்புன்னா எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. கடைசியில இருபது முப்பதுல ஜெயிச்சுடும்." ஒக்தாவ் சுற்றிலும் பார்த்தார். பிறகு குரல் இறங்கியது. "நீயே வந்தது நல்லதாப் போச்சு. என் சீட்டு... இன்னிக்கு எதையும் போட வேண்டாம்."

"தலைவரே!"

"எதிர்க்கலையே! நடுநிலைதான். நாளைக்கோ அடுத்த மாசமோ ஷொவேல் போனா, அடுத்த மந்திரிசபையில நம்ம கட்சிக்கு இடம் கேட்டு எவனாவது போய்ப் பேசியாகணும். அந்தக் கை சுத்தமா இருக்கணும்யா. ரெண்டு பக்கமும் பேசற மாதிரி." கையுறையை மாட்டிக்கொண்டார். "மத்தவங்க அத்தனை பேரும் வெள்ளை போடறப்ப நான் ஒருத்தன் ஒதுங்கினா ஒண்ணும் ஆகாது."

லெயோன்ஸ் தம் இருக்கைக்கு எப்படித் திரும்பி வந்தார் என்பது அவருக்கே தெரியாது.

மூன்று பேர். ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒருவர் மேல் ஒருவர் பாரத்தைப் போட்டு, மூவரும் ஒரே மரத்தை மூன்று பக்கமும் அறுத்துக்கொண்டிருந்தார்கள். மரம் விழாது என்று மூவருமே நம்பினார்கள். விழப்போவது தெரிந்த ஒரே ஆள் பெட்டிக்காரர். அவருடைய வாய் தைக்கப்பட்டிருந்தது.

மேடையில் ஷொவேல் பேச்சை முடித்துக்கொண்டிருந்தார். குட்டை மனிதர், களைத்த குரல்.

"ஒரே ஒரு ஓட்டு அதிகம் கிடைச்சாலும் இந்த நாற்காலியில உக்காருவேன். ஆனா அது நெசமான ஓட்டா இருக்கணும். எனக்குப் பெரும்பான்மை இல்லேன்னு தெரிஞ்சா, ஒரு மணி நேரம்கூட இருக்க மாட்டேன். இது சபைக்கு நான் குடுக்கற வாக்கு."

கைதட்டல், கூச்சல். சபைத் தலைவர் மணியை அடித்தார். சேவகர்கள் கலசங்களோடு இறங்கினார்கள்.

லெயோன்ஸ் சீட்டுகளை உருவ ஆரம்பித்தார். அவர் விரல்களுக்குப் பழகிய வேலை. வெள்ளை, வெள்ளை, வெள்ளை. ப்ரோஸ்பேர் விதலாங்கின் தடுப்பு வந்ததும் விரல்கள் நின்றன.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

திருத்தம்! சபையில் அதற்கு ஒரு வழி இருந்தது. ஓட்டு தவறாகப் பதிவாகிவிட்டால், மறுநாள் கூட்டம் தொடங்கும்போது உறுப்பினர் எழுந்து, 'எதிர்க்கத்தான் நினைத்தேன்' என்று சொல்லலாம். அரசிதழில் அது அச்சாகும். தொகுதிக்காரர்கள் படிப்பார்கள். ஆனால் முடிவு மாறாது. அறிவித்த முடிவு அறிவித்ததுதான்.

அப்படியானால்? இப்போது வெள்ளையைப் போட்டுவிட்டால், நாளைக்கு ப்ரோஸ்பேர் திருத்திக்கொள்வார். அவருடைய தோட்டக்காரர்களுக்குச் சந்தோஷம். டாக்டர் திருத்திக்கொள்வார், வீட்டில் கோழி வேகும். தலைவரின் கையும் சுத்தமாகும். மசோதாவும் பிழைக்கும். யாருக்கும் நஷ்டமில்லை.

ஒன்றே ஒன்றைத் தவிர. அவரை நம்பிக் காதில் சொன்னார்கள்.

கலசம் முகத்துக்கு நேரே வந்துவிட்டது. சேவகர் பொறுமையாக நின்றார். லெயோன்ஸ் மேலே பார்த்தார். செலெஸ்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. அப்பாவின் கை மட்டும் தெரிந்தது.

மூன்று வெள்ளைச் சீட்டுகள் கலசத்துக்குள் விழுந்தன.

முடிவு உடனே வரவில்லை. எண்ணிக்கை நெருக்கமாக இருக்கிறது, பெயர் பெயராகச் சரிபார்க்க வேண்டும் என்று கூட்டத்தை ஒத்தி வைத்தார்கள். தாழ்வாரம் முழுக்கப் புகை. ப்ரோஸ்பேர் யாரிடமோ ஜோக் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். டாக்டர் ஜன்னலோரம் நின்று, எதிரே ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் குதிரைப் போலீஸ் வரிசை கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கும் அப்பால் லீக்காரர்களின் கோஷம் அலை அலையாகக் கேட்டது. லெயோன்ஸ் ஒரு தூணில் சாய்ந்து, பெட்டியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றார்.

மணி அடித்தது. உள்ளே போனார்கள்.

ஆதரவு அதிகம். வித்தியாசம் மூன்று!

இடப்பக்கம் வெடித்தது. தொப்பிகள் பறந்தன. ஒக்தாவ் தெல்மா பிரதமரை அணைத்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். லெயோன்ஸ் மட்டும் உட்கார்ந்தபடியே இருந்தார். மூன்று... சொன்னபடி போட்டிருந்தால் இந்நேரம் தோற்றிருக்கும். காப்பாற்றிவிட்டோம் என்றது ஒரு குரல். ஏமாற்றிவிட்டாய் என்றது இன்னொன்று. இரண்டும் அவர் குரல்தான்.

மறுநாள் பகலில், கூட்டம் தொடங்க அரை மணி இருக்கும்போது, தொப்பி மாட்டும் அறையில் ப்ரோஸ்பேர் அவரைப் பிடித்துக்கொண்டார். கையில் அரசிதழ்.

"என்னண்ணே இது! கண்ணாடியை மாத்துங்க. என்னை வெள்ளைல போட்டுட்டீங்களே!"

"கை தவறிடுச்சு, ப்ரோஸ்பேர்."

"ஏழு வருஷத்துல ஒரு தடவை. பரவால்ல, பரவால்ல. இன்னிக்கு எழுந்து திருத்தம் சொல்லிடறேன். நல்லா நாலு வார்த்தை சேர்த்தே சொல்லப்போறேன், ஊர்ல நிமிர்ந்து நடக்கலாம்!"

அவர் ராகம் போட்டுக்கொண்டே போனார். திரும்பினால் டாக்டர். டாக்டர் கையிலும் அரசிதழ். "உன் மேல கோவமே இல்ல லெயோன்ஸ். ஒரு திருத்தம், முடிஞ்சுது."

லெயோன்ஸ் நிம்மதியாக மூச்சு விட்டார். திட்டம் போட்டபடியே நடக்கிறது!

"என்ன பெட்டிக்காரரே, முகத்துல களை வந்திருக்கு?"

கெர்லுவான். மேல்கோட்டைக் கழற்றிச் சேவகரிடம் கொடுத்தபடியே, வானிலை பேசுவது போலக் கேட்டார்: "இன்னிக்கு உங்க பக்கம் எத்தனை திருத்தம் வருது?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான். வித்தியாசம் மூணு இல்லையா? ஒரு வெள்ளை நீலமானா அங்க ஒண்ணு குறையும், இங்க ஒண்ணு கூடும். அப்ப ரெண்டே ரெண்டு பேர் எழுந்து 'நான் எதிர்ப்பு'ன்னா போதும், கணக்கு கவுந்துடும். சட்டப்படி முடிவு மாறாது, அது தெரியும். ஆனா உங்க ஷொவேல் நேத்து சபைக்கு வாக்குக் குடுத்திருக்காரே! அந்த மனுஷன் சொன்னா செய்யற ஆளு. தொப்பியை எடுத்துட்டுக் கிளம்பிடுவார்." ஒற்றைக் கண்ணாடி மின்னியது. "நான் விரலை விட்டு எண்ணிட்டே இருக்கப்போறேன்."

களை ஒரே நொடியில் வடிந்தது.

முட்டாள்! வடிகட்டின முட்டாள்! ஒவ்வொருவர் திருத்தமும் தனித்தனியாகப் பார்த்தால் பஞ்சு. மூன்றும் ஒன்றாக விழுந்தால் பாறாங்கல். அந்த மூவரும் நேற்றுச் செய்த அதே தப்பை, அவர்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்ட அவரே செய்திருந்தார்.

இனி ஒரே வழிதான். ஏழு வருடம் மூடியிருந்த வாயைத் திறக்க வேண்டும்.

சிற்றுண்டிச் சாலையின் கோடி மேஜையில் மூவரையும் உட்கார வைத்தார். ஒருவரையொருவர் பார்த்து மூவருக்கும் ஆச்சரியம். லெயோன்ஸ் பெட்டியைத் திறந்தார். தெல்மா, ராபுர்தான், விதலாங்க். மூன்று பெயரிலும் ஒவ்வொரு வெள்ளைச் சீட்டை எடுத்து, காபிக் கோப்பைகளுக்கு நடுவே வைத்தார்.

"நேத்து இந்த மூணையும் நான் போட்டேன். கை தவறல. தெரிஞ்சேதான் போட்டேன். நீங்க ரெண்டு பேரும் நீலம் கேட்டீங்க. தலைவர் எதுவும் வேண்டாம்னார்."

ப்ரோஸ்பேர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"டாக்டர், நீங்களா?" என்றார் ப்ரோஸ்பேர்.

"நீயாடா?" என்றார் டாக்டர்.

பிறகு இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். "தலைவரே?!"

ஒக்தாவின் முகம் செங்கல் நிறத்துக்குப் போனது. "லெயோன்ஸ்! நீ செஞ்சது என்னன்னு தெரியுதா? பெட்டியோட ரகசியத்தைச் சிற்றுண்டிச் சாலையில போட்டு உடைக்கறே!"

"தெரியுது தலைவரே. என்னை என்ன வேணா பண்ணுங்க. ஆனா முதல்ல கணக்கைக் கேளுங்க. உங்க மூணு பேர்ல ஒருத்தர் திருத்தலாம். ஒரே ஒருத்தர். ரெண்டாவது ஆள் எழுந்தா ஷொவேல் போயிடுவார், மசோதாவும் போயிடும்."

"அப்ப நான் திருத்தறேன்" என்றார் ப்ரோஸ்பேர் பட்டென்று. "அழுகின முட்டை எனக்குத்தானே விழும்!"

"முட்டை துடைச்சாப் போயிடும். என் வீட்டு அழுகையைத் துடைக்க முடியுமா?"

"உங்க மச்சினனுக்காக நாங்க ஏன் டாக்டர் சாகணும்? அவன் ஆளுங்கதானே கண்ணாடி உடைச்சது!"

"ஒயின் ரெண்டு காசு ஏறணும்னு அரசாங்கத்தைக் கவுக்கப் பாத்தவன் பேசறியா?"

"கத்தாதீங்கய்யா, பத்திரிகைக்காரன் பாக்கறான்!" என்று கத்தினார் ஒக்தாவ். "யாருமே திருத்த வேண்டாம். நான் மட்டும் நடுநிலைன்னு—"

"அது எப்படித் தலைவரே!" என்று இருவரும் பாய்ந்தார்கள்.

லெயோன்ஸ் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என் பொண்ணோட புருவத்துல நான் தையல் போட்ட இடம் இன்னும் சிவப்பு மாறல" என்றார். "அதை நினைச்சாவது..."

மணி அடித்தது. கூட்டம் தொடங்குகிறது. எதுவும் முடிவாகவில்லை. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஆனால் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு, கதவை நோக்கி நடந்தார்கள்.

உள்ளே வலப்பக்கம் ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. கெர்லுவான் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அமைச்சர்கள் வரிசையில் ஷொவேல், பக்கத்து இருக்கையில் அவருடைய தொப்பி.

"நேற்றைய வாக்கெடுப்பில் திருத்தம் சொல்ல விரும்புகிறவர்கள் உண்டா?" என்று கேட்டார் சபைத் தலைவர்.

ப்ரோஸ்பேர் எழுந்தார்.

"தவறுதலா ஆதரவுன்னு பதிவாயிருக்கு. நான் எதிர்க்கத்தான் நினைச்சேன்." நாலு வார்த்தை சேர்த்துச் சொல்வதாக இருந்தவர், அதோடு உட்கார்ந்துவிட்டார். எவர் முகத்தையும் பார்க்கவில்லை.

வலப்பக்கம் ஒரு முணுமுணுப்பு. கெர்லுவான் ஒரு விரலை மடக்கினார்.

வித்தியாசம் இப்போது ஒன்று.

"வேறு யாராவது?"

டாக்டரின் நாற்காலி கிரீச்சிட்டது. லெயோன்ஸ் அவருடைய முழங்கால் நிமிர்வதைப் பார்த்தார். வெண்மீசை துடித்தது. ஷொவேலின் கை மெதுவாகத் தொப்பிப் பக்கம் நகர்ந்தது.

அப்போது ஒக்தாவ் தெல்மா எழுந்தார்.

எழுந்த வேகத்தில் அவருடைய கை டாக்டரின் தோள்மேல் விழுந்தது. பார்ப்பவர்களுக்குப் பாசமாகத் தெரிந்திருக்கும். பக்கத்தில் இருந்த லெயோன்ஸுக்குத்தான் அந்த விரல்கள் கோட்டுக்குள் புதைவது தெரிந்தது. டாக்டர் மீண்டும் நாற்காலியில் அழுந்தினார்.

சபை மொத்தமும் மூச்சைப் பிடித்தது. ஒரு கட்சியின் தலைவரே திருத்தப்போகிறாரா? பத்திரிகை மாடத்தில் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். ஒக்தாவ் அதைப் பார்த்தார். வாழ்க்கையில் அவர் பேச்சுக்காக இத்தனை பேர் ஒரே நேரத்தில் மௌனமாக இருந்ததில்லை. சிலை மாதிரி நிமிர்ந்தார்.

"நான் ஆதரவுன்னு அரசிதழ்ல வந்திருக்கு" என்றார். நிறுத்தினார். இன்னும் நிறுத்தினார். "சரியாத்தான் வந்திருக்கு! என் பேரை நாளைக்கு எவன் எடுத்தாலும், அந்த வெள்ளைச் சீட்டைப் போட்டவன்னு சொல்லட்டும்! எங்க கட்சியில மத்த எல்லாரும் அப்படித்தான்!"

இடப்பக்கம் இடிந்து விழுவது போலக் கைதட்டியது. ஷொவேல் எழுந்து தலை குனிந்து வணங்கினார். டாக்டர் ராபுர்தான்கூடத் தட்டினார், வேறு வழியில்லாமல். கெர்லுவான் தம் மடக்கிய விரலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நிமிர்த்தினார். பிறகு லெயோன்ஸைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அது பாராட்டா எச்சரிக்கையா என்று தெரியவில்லை.

ஆரவாரம் அடங்குவதற்குள்ளேயே ஒக்தாவ் குனிந்தார். உதடு சிரித்தபடியே இருந்தது.

"பெட்டியை இப்படிக் குடு."

லெயோன்ஸ் கொடுத்தார். ஒக்தாவ் அதை வாங்கி, பக்கத்தில் மீசை துடிக்க உட்கார்ந்திருந்த டாக்டரின் மடியில் வைத்தார். "இனிமே நீங்க பாத்துக்கங்க டாக்டர். வாயை மூடிட்டு இருக்கற ஆள் வேணும்."

வெளிவாசலில் செலெஸ்தின் காத்திருந்தாள். ஓடி வந்து அப்பாவின் கையைக் கோத்துக்கொண்டாள்.

"ஜெயிச்சுட்டோம்ப்பா! அந்த தெல்மா எழுந்தப்ப உசுரே போயிடுச்சு. என்ன மனுஷன்ப்பா அவர்!"

"ஆமாம்மா."

"பெட்டி எங்கப்பா?"

"டாக்டர் கிட்ட இருக்கு. கொஞ்ச நாள் அவர் பாக்கட்டும்."

அவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் கோஷம் மறுபடி கிளம்பியது. நேற்றைவிடப் பக்கத்தில் கேட்டது. போலீஸ் குதிரைகள் தலையை உதறின. மேலவைக்குப் போய்விட்டு மசோதா அடுத்த வாரம் மறுபடி இங்கேதான் வரும். மறுபடி கலசம் சுற்றும். லெயோன்ஸ் மகளைச் சுவர்ப் பக்கமாக நகர்த்தி, தாம் வீதிப் பக்கமாக நடந்தார்.

"அடுத்த வாரம் உங்க பக்கம் எத்தனை வெள்ளைப்பா விழும்?"

ஏழு வருடத்தில் முதல் முறையாக அவருக்கு அது தெரியவில்லை.

"ஒண்ணு" என்றார் லெயோன்ஸ். "என்னுது. அதை நானே கையால போடுவேன். மத்தது தெரியலம்மா."